போர்டில் எழுதிய கடவுச்சொல்

சித்தப்பா முதலில் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. "புது வைஃபையில லேப்டாப் ஏறமாட்டேங்குதுப்பா. பிரிண்டரும் ஏறல. கேமராவும் போச்சு." மறுநாள் மறுபடி கூப்பிட்டார். "ஆளு வந்து சரி பண்ணிட்டாப்ல. எல்லாம் ஏறிருச்சு. ஆனா ரொம்ப மெதுவா போவுது. சாதிச் சான்றுக்கு அப்லோடு போட்டா சுத்திக்கிட்டே நிக்குது." இந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்க முடிகிற விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை புதுக்கோட்டையில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

பெருங்களூர் தாண்டி ஆதனக்கோட்டையில் முந்திரி வறுக்கிற வாசனை ஜன்னல் வழியே வந்தது. செம்மண், முந்திரித் தோப்பு, இடையில் சோளக்கொல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டுப் போன மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் பல இடங்களில் இப்போது நல்ல உயரம். கந்தர்வக்கோட்டையில் இறங்கியதும் சித்தப்பாவின் கடைக்கு நேராகப் போகவில்லை. போனில் ஒரு செயலியைத் திறந்துகொண்டு கடைத்தெருவில் மெதுவாக நடந்தேன்.

அந்தச் செயலி எதையும் உடைத்துத் திறப்பதில்லை. ஒவ்வொரு வைஃபை பெட்டியும் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை தன் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். கூடவே, தன் வாசலில் எந்த வகைப் பூட்டு தொங்குகிறது என்பதையும் சொல்லும். அதைக் கேட்டு வரிசைப்படுத்திக் காட்டுவது மட்டுமே செயலியின் வேலை. நடக்க நடக்கப் பட்டியல் நீண்டது. பிள்ளைகளின் பெயர்கள், கடைப் பெயர்கள், கம்பெனி வைத்து அனுப்பிய பெயரை மாற்றாமலே விட்ட பெட்டிகள், அச்சு இயந்திரங்கள் தாமாகவே பரப்புகிற சின்ன வைஃபைகள். பெரும்பாலானவற்றுக்கு நேராகப் பூட்டு வகை டபிள்யூ.பி.ஏ. 2 என்று இருந்தது. சிலவற்றில் டபிள்யூ.பி.ஏ. 2-உம் 3-உம் சேர்த்து. இரண்டு இடங்களில், 2003-இல் வந்த பழைய டபிள்யூ.பி.ஏ. மட்டும். அதில் ஒன்று சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடை.

நடக்கும்போது கண்ணில் பட்ட இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்தியது. நம் ஊர்க் கடை போர்டுகளில் கடைப் பெயருக்கு அடுத்தபடி பெரிய எழுத்தில் இருப்பது செல்போன் எண். செருப்புக் கடையானாலும் நகைக் கடையானாலும் உரக் கடையானாலும் பத்து இலக்கம் பளிச்சென்று தெரியும். நம் ஊர்களில் வைஃபை பாஸ்வேர்டாக வைப்பதும் பெரும்பாலும் அதே பத்து இலக்கம்தான். லைன் கொடுக்க வருகிறவர், "என்னண்ணே போடட்டும்?" என்று கேட்பார். "நம்ம நம்பரையே போட்டுருப்பா, மறக்காது" என்பதே பதிலாக இருக்கும். அந்தச் சாவி பெயின்டில் எழுதி, குழல்விளக்கு போட்டு, தெருவைப் பார்த்தபடி தொங்குகிறது.

கடையில் சித்தப்பா டீ சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு மேசைக் கணினி, ஒரு பிரிண்டர், வாசலைப் பார்த்த வைஃபை கேமரா, சுவரில் ஃபைபர் பெட்டி. மேசை ஓரத்தில் ஒரு பழைய மடிக்கணினி. தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் ஒன்று. வாங்கியவள் வேலைக்குப் போய்விட்டாள். மடிக்கணினி கடைக்கு வந்து, தமிழ்த் தட்டச்சுக்கும் பயோடேட்டா அடிக்கவும் உழைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே விண்டோஸ் 7.

வேகத்தை அளந்தேன். மாதம் 100 எம்பிக்குப் பணம் கட்டுகிறார், இருபதைத் தாண்டவில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். நினைத்தது சரியாக இருந்தது. பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ., அதன் கீழே குறியாக்கம் என்ற இடத்தில் டி.கே.ஐ.பி.

நடந்தது இதுதான். தஞ்சாவூரில் கல்லூரி படிக்கிற சித்தப்பா மகன், புதுப் பெட்டி வந்த அன்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு, ஆகப் புதிய டபிள்யூ.பி.ஏ. 3-ஐ மட்டும் போட்டிருக்கிறான். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆண்ட்ராய்டு போன்களுக்கு அந்த மொழி தெரியத் தொடங்கியது பத்தாம் பதிப்பிலிருந்து; ஐபோன்களுக்கு ஐ.ஓ.எஸ். 13-இலிருந்து, விண்டோஸுக்கு 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து. விண்டோஸ் 7-க்கு அது என்றுமே தெரியாது. பிரிண்டருக்கும் கேமராவுக்கும் தெரியாது. மூன்றும் வெளியே நின்றுவிட்டன. மறுநாள் வந்த ஆள், எது போட்டால் எல்லாம் ஏறுமோ அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரே தாவலில் 2018-இலிருந்து 2003-க்கு.

"ஏறிருச்சுல்லப்பா, அப்பறம் ஏன் ஸ்பீடு போச்சு?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருந்தது.

வைஃபையின் முதல் தரநிலை 1997-இல் வந்தபோது அதோடு வந்த பூட்டு டபிள்யூ.இ.பி. அதில் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் 24 பிட் நீளமுள்ள ஓர் எண் சேரும். 24 பிட் என்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். பரபரப்பான ஓர் அலுவலகத்தில் சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வர ஆரம்பித்துவிடும். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் அந்தப் பூட்டின் அடிப்படைக் கோளாறை வெளியிட்டார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்தே காட்டினார்கள். இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற கடைச் சங்கிலியின் ஒரு கிளையில் இந்தப் பூட்டுப் போட்ட வைஃபை வழியாகத்தான் திருடர்கள் நுழைந்தார்கள். 2007-இல் அது வெளியே வந்தபோது, 4 கோடியே 50 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டை விவரங்கள் போயிருந்தன. அவர்கள் நுழைந்த இடமும் ஒரு சாதாரணக் கடைதான் என்று சித்தப்பாவிடம் அழுத்திச் சொன்னேன்.

பூட்டு உடைந்தது தெரிந்தபோது, உலகம் முழுக்க லட்சக்கணக்கான வைஃபை அட்டைகள் விற்றாகிவிட்டன. வாங்கியவர்களிடம் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல முடியாது. அதனால் 2003-இல் ஒரு சமாதானம் செய்தார்கள். பழைய அட்டையிலேயே மென்பொருளை மட்டும் மாற்றினால் ஓடுகிற மாதிரி, பழைய இயந்திரத்துக்கு மேல் கட்டிய ஒட்டுதான் டி.கே.ஐ.பி. 2004-இல் முறையான பூட்டு வந்துவிட்டது: டபிள்யூ.பி.ஏ. 2, அதற்குள் ஏ.இ.எஸ். என்ற குறியாக்கம். 2006 மார்ச்சிலிருந்து, சான்று பெறுகிற எந்தக் கருவிக்கும் அது கட்டாயம். ஒட்டு தன் வேலையை முடித்துவிட்டது. பின்னால் வந்த வேகமான வைஃபை தரநிலைகள், டி.கே.ஐ.பி. போட்டால் தம் வேகத்தைத் தரக்கூடாது என்று விதியே வைத்துக்கொண்டன. அதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி 54 எம்பி காலத்துக்கு இறங்கிவிடும்; கைக்கு வருவது இருபது, இருபத்தைந்து. சித்தப்பாவின் 100 எம்பி போன இடம் அதுதான்.

இதில் எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அந்த மடிக்கணினிக்கும் பிரிண்டருக்கும் கேமராவுக்கும் டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ். நன்றாகவே தெரியும். 2003 வரை இறங்கியிருக்கவே வேண்டாம். ஒரு படி இறங்கியிருந்தால் போதும்.

மறுநாள் வந்து மாற்றிவிட்டுப் போன, லைன் பார்க்கிற பையனுக்குப் போன் போட்டேன். இருபத்தைந்து வயது இருக்கலாம், மரியாதையாகப் பேசினான். "அண்ணே, எனக்கு அது தெரியும்ணே. ஆனா ஒரு வீட்ல மூணு செல்லு ஏறி, ஆயாவோட பழைய செல்லு ஏறலைன்னா ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் போன் வரும். கறம்பக்குடி ரோட்டுல இருந்து திரும்பி வரணும். அதனால எல்லாம் ஏறுற மாதிரி போட்டுட்டு வந்துர்றதுண்ணே." அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெட்டியில் எட்டு வகைத் தேர்வுகளை வைத்து, எதற்கு எது என்று ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் அனுப்புகிறவர்களிடம்தான் என் கோபம். 2003-இல் பழைய கருவிகளுக்காக ஒரு பாலம் போட்டுத் தந்த அதே தொழில், இன்று பல போன்களுக்கும் கேமராக்களுக்கும் இரண்டு மூன்று வருடத்தில் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறது. கருவியை வாங்கியவரோ பத்து வருடம் வைத்து உழைப்பார். கந்தர்வக்கோட்டையில் ஒரு போன் அப்பாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து ஆயாவுக்கும் போகும். அப்படிக் கைமாறுவது நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்துக்குப் பொருந்துகிற பூட்டைச் செய்யவேண்டியது செய்கிறவர்களின் கடமை.

2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ. 2-இலேயே ஓர் ஓட்டையைக் காட்டினார். புதுப்பிப்பு வந்த கருவிகள் தப்பித்தன. புதுப்பிப்பே வராத பழைய போன்கள் அந்த ஓட்டையோடுதான் இன்றும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு டபிள்யூ.பி.ஏ. 3 வந்ததற்கு அதுவும் ஒரு தூண்டுதல். 2020 ஜூலையிலிருந்து புதிதாகச் சான்று பெறுகிற கருவிகளுக்கு அது கட்டாயம்.

டபிள்யூ.பி.ஏ. 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சித்தப்பாவுக்கு அவர் போர்டை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

டபிள்யூ.பி.ஏ. 2-இல் ஒரு போன் பெட்டியோடு சேரும்போது, இரண்டும் நான்கு கட்டமாகப் பேசிக்கொள்ளும். கடவுச்சொல் அந்தப் பேச்சில் நேராக வராது. ஆனால் யாராவது எதிர்க்கடையில் உட்கார்ந்து அந்த நான்கு வார்த்தைகளைப் பதிவு செய்துகொண்டு போய்விட்டால், வீட்டில் நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம். பெட்டிக்குத் தெரியவே தெரியாது. இதைக் கடினமாக்குவதற்காக, ஒவ்வொரு முயற்சிக்கும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுக் கணக்குப் போடவைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், விளையாட்டுக்காக விற்கிற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் சரிபார்க்கும். நம் நாட்டுச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில் ஒன்றில்தான் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் என்றால் 4000 நொடி.

"எவ்வளவு நேரம்ப்பா அது?"

"ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஏழு நிமிஷம். இந்தியாவுல இருக்கிற எல்லா நம்பரையும் போட்டுப் பாக்க. உங்க நம்பர்னா அதுவும் வேணாம் சித்தப்பா. போர்டைப் பாத்தாப் போதும்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய், தெருவில் நின்று, தன் போர்டையே அண்ணாந்து பார்த்தார்.

டபிள்யூ.பி.ஏ. 3 இந்த வழியைத்தான் அடைக்கிறது. அதில் போனும் பெட்டியும் பேசுவதைப் பதிவு செய்து எடுத்துப் போனாலும் வீட்டில் போட்டுப் பார்க்க எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு சொல்லையும் பெட்டியின் முகத்துக்கு நேராகத்தான் சொல்லிப் பார்க்கவேண்டும். பெட்டி மெதுவாக்கலாம், மறுக்கலாம். இன்னொன்றும் உண்டு. பழைய முறையில், "நீ வெளியே போ" என்று பெட்டி சொல்வது போலவே யாரும் பொய்யாகச் சொல்லலாம். கருவிகள் நம்பி வெளியேறிவிடும். சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற சின்னப் பலகை ஒன்று போதும், ஒரு வைஃபை கேமராவைக் குருடாக்க. அந்தப் பொய்க் கட்டளையைத் தடுக்கிற வழி 2009-இலேயே தரநிலையாக வந்துவிட்டது. ஆனால் கட்டாயமானது டபிள்யூ.பி.ஏ. 3-இல்தான். குறையே இல்லாதது என்று அதையும் சொல்ல மாட்டேன். 2019-இல் அதே வான்ஹூஃபும் எயால் ரோனென் என்பவரும் அதிலும் ஓட்டைகளைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, புதுக் கருவியை ஏமாற்றிப் பழைய பூட்டுக்கு இறக்குவது. செவ்வாய்க்கும் புதனுக்கும் இடையே இந்தக் கடையில் நல்லெண்ணத்தோடு நடந்த இறக்கத்தை வெளியாள் ஒருவர் கெட்ட எண்ணத்தோடும் நடத்தலாம்.

"சரிப்பா, என் வைஃபையில நுழைஞ்சு எவன் என்ன எடுத்துடப் போறான்? ஜிபே பணமா போயிடும்?"

பணம் பெரும்பாலும் போகாது. வங்கிச் செயலிகள் தங்கள் பேச்சைத் தாங்களே தனியாகப் பூட்டிக்கொள்கின்றன. வைஃபை திறந்திருந்தாலும் யு.பி.ஐ. ரகசிய எண் காற்றில் போவதில்லை. இல்லாத பயத்தைக் கிளப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மடிக்கணினியின் பகிர்வு அடைவைத் திறந்து காட்டினேன். நகல் எடுக்க வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார், குடும்ப அட்டை, பத்திரத்தின் முதல் பக்கம், பெண் பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம். வைஃபைக்குள் நுழைந்தவருக்கு அந்த அடைவைத் திறக்கக் கடவுச்சொல்லே தேவையில்லை. போதாததற்கு, அதில் ஓடுகிற விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்தியது 2020 ஜனவரி 14-இல். சித்தப்பாவின் முகம் மாறியது பணத்தைப் பற்றிச் சொன்னபோது அல்ல. அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான். "நம்பிக் குடுத்துட்டுப் போறாங்கப்பா" என்றார்.

இன்னொரு சம்பவத்தையும் சொன்னேன். 2008 ஜூலை 26-இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது கிளம்பிய இணைப்பைத் தேடிப் போன போலீஸ் நவி மும்பையின் சான்பாடாவில் ஒரு குடியிருப்பில் போய் நின்றது. அங்கே குடியிருந்த வெளிநாட்டவர் வைஃபைக்குச் சரியான பூட்டுப் போட்டிருக்கவில்லை. வெளியாள் யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருந்தார்கள். விசாரணைக்கு நின்றவர் இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தே போயிற்று. மறு ஆண்டு தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. லைன் யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வியும் அவரைத் தேடித்தான் வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையில் இறங்கினேன். இந்தப் பெட்டி ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் வைஃபை பரப்பும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு வைக்கலாம். முதல் பெயர் போன்களுக்கும் மேசைக் கணினிக்கும். அதில் டபிள்யூ.பி.ஏ. 2-உம் 3-உம் சேர்ந்த கலப்பு முறை. புதியவை மேலே ஏறிக்கொள்ளும், சித்தியின் போன் 2-இலேயே நிற்கும். இரண்டாவது பெயர் பழையவற்றுக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும், டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ்., முதல் வலையைப் பார்க்க முடியாதபடி தடுப்பு. பொத்தானை அழுத்தினால் சேர்ந்துகொள்கிற டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்தேன். அதன் எட்டு இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடும் என்று 2011 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது.

கடவுச்சொல்லுக்கு எட்டு எழுத்து குறைந்தபட்சம், 63 வரை போகலாம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதச் சொன்னேன். கொல்லையில் இருப்பது ஒன்று, சின்ன வயதில் கேட்டது ஒன்று என்று யோசித்து யோசித்து அவரே சேர்த்தார். அதை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பெட்டிக்குள் வைத்தார். எழுதி வைப்பதில் தவறில்லை. தெருவிலிருந்து தெரியாத இடமாக இருந்தால் போதும்.

வேகம் தொண்ணூறைத் தொட்டது. மடிக்கணினி இரண்டாவது பெயரில் ஏறியது. அதிலிருந்து வாடிக்கையாளர் படங்களை மேசைக் கணினிக்கு மாற்றி, பழையவற்றை அழித்து, பகிர்வை நிறுத்தினோம். பிறகு சிக்கல் வந்தது. பிரிண்டர் பழைய வலையில் இருக்கிறது; தடுப்பு போட்டிருப்பதால் முதல் வலையில் இருக்கிற போனிலிருந்து அச்சு போகவில்லை. பாதுகாப்பும் ஒத்துப்போதலும் மோதுகிற இடம் இப்படித்தான் திடீரென்று வந்து நிற்கும். தடுப்பை எடுத்துவிடலாம் என்று ஒரு நொடி கை போயிற்று. எடுத்தால் மதியத்திலிருந்து செய்தது வீண். சித்தப்பாதான் மேசைக்குக் கீழிருந்து ஒரு யு.எஸ்.பி. வயரைத் தேடி எடுத்தார். பிரிண்டரோடு வந்தது, உறைகூடப் பிரிக்கவில்லை. மேசைக் கணினியோடு சொருகி, பிரிண்டரின் வைஃபையையே அணைத்தோம். அது தானாகப் பரப்பிக்கொண்டிருந்த சின்ன வைஃபையும் அதோடு போயிற்று. அச்சு முன்னைவிட வேகமாக வந்தது.

மிச்சம் இருந்தது கேமரா. அது டபிள்யூ.பி.ஏ. 2-க்கு மேல் போகாது, புதுப்பிப்பும் வராது, பொய்க் கட்டளையைத் தடுக்கவும் தெரியாது. பின்பக்கம் பார்த்தோம். கேபிள் சொருகுகிற துளை இருந்தது. சித்தப்பா வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் சுவரை முழம் போட்டு அளந்தார். பதினெட்டு முழம் வந்தது. மாலை பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது, எலெக்ட்ரிக் கடையில் கிளிப் ஒரு பாக்கெட்டும், பக்கத்து வீட்டு ஏணியும் கேட்டு வைத்திருந்தார்.